சங்கிலி நீளுமா?

பழைய மோட்டார் சைக்கிளின் சங்கிலி தொய்ந்துவிட்டால் 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோம். எஃகு இழுபட்டு நீண்டதா? இல்லை. இதற்கு விடை காண நூறாண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1864இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் உருளை மெல்லிய ஆணியின்மீதே நேராகச் சுழன்றது. ஆணி விரைவில் தேய்ந்தது. அவருடைய தொழிலை 1879இல் வாங்கிய ஹான்ஸ் ரெனால்டு என்ற ஸ்விஸ் பொறியாளர், மறு ஆண்டே ஆணிக்கும் உருளைக்கும் இடையே 'புஷ்' என்னும் சிறு குழாயைப் புகுத்தினார். அழுத்தம் அகன்ற பரப்பில் பரவியது, தேய்மானம் குறைந்தது. சைக்கிளுக்கும், பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் வழி திறந்தது.

தேய்மானம் குறைந்ததே தவிர மறையவில்லை. ஒவ்வோர் ஆணியும் புஷ்ஷும் மயிரிழையளவு தேய்ந்தாலும், அத்தனை கண்ணிகளிலும் அது சேர்ந்து தொய்வாகிறது.

நீங்களே அளந்து பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றின் பின்சங்கிலியில் ஆணிக்கு ஆணி இடைவெளி 15.875 மி.மீ. இழுத்துப் பிடித்தால் 20 இடைவெளிகள் 317.5 மி.மீ. இருக்கவேண்டும். அது 324 மி.மீ. ஆனால் 2 விழுக்காடு தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் பல்சக்கரங்களையும் உடன் மாற்றவேண்டும். இல்லையேல் புதுச் சங்கிலியும் விரைவில் கெடும். ஓடும்போது கழன்ற சங்கிலி பின்சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். அடிக்கோல் ஒன்று உயிரையும் காக்கும்!