நாகமன்னன் மகள் விடுத்த மடல்

சீனரின் 'லொங்' என்பதை மேனாட்டார் வாய்வழிக் கேட்டறிந்தமையால், தீயுமிழும் கொடுவிலங்கு என்றே நாம் எண்ணிவிட்டோம். சீனர்க்கோ அது நீருக்குரிய தெய்வம், மழை தருவது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தோர் 'நாகம்' என்ற சொல்லுக்கு இதனையே ஈடாக அமைத்தனர். நீரடியில் மாளிகை கொண்ட நாகமன்னர் அவ்வழியே சீனக் கதைகளுட் புகுந்தனர்.

தாங் மரபினர் காலத்தில் (கி.பி. 618–907) லீ சாவ்வெய் எழுதிய 'லியூ யீ' கதை அவற்றுள் ஒன்று. அரசுத் தேர்வில் தோற்று ஊர் திரும்பும் லியூ யீ, வழியில் ஆடு மேய்க்கும் பெண்ணொருத்தியைக் காண்கிறான். துங்திங் ஏரி மன்னன் மகள் அவள். சிங் ஆற்று மன்னன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கணவனாலும் மாமன் மாமியாலும் ஒதுக்கப்பட்டவள். மேய்ப்பவையும் ஆடுகள் அல்ல. மழை பெய்விக்கும் ஏவலர். பிறந்தகத்திற்கு ஒரு மடல் சேர்ப்பிக்குமாறு அவள் வேண்டுகிறாள்.

நாள்தோறும் தபால் பதிவேட்டோடு உழலும் எமக்கு இவ்விடத்தைக் கடக்க மனம் வரவில்லை. தொலைவில் மகளைக் கொடுத்துவிட்டுக் கடிதத்திற்குக் காத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையேயும் உள்ளன அல்லவா?

மடல் கண்டு மாளிகை அழுகிறது. அவள் சிற்றப்பன், சியேன்தாங் ஆற்று நாகம், தளையறுத்துப் பாய்ந்து அவளை மீட்டு வருகிறான். எத்தனை உயிர் மாய்ந்தது என அண்ணன் வினவ, ஆறு இலட்சம் என்கிறான். பயிர் அழிந்ததோ எனின், எண்ணூறு லீ பரப்பில் என்கிறான். மருமகன் எங்கே எனின், விழுங்கிவிட்டதாக விடையிறுக்கிறான். மகளைப் பெற்றும் மன்னன் முகம் வாடுகிறது.