கம்பிவட ஊர்தி: செஞ்சிக் கோட்டையும் மலைத்தலங்களும்

கம்பிவட ஊர்தி என்பது உயரத்தில் ஓடும் எஃகு வடத்தில் பெட்டிகளைத் தொங்கவிட்டு ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச்செல்லும் போக்குவரத்து. மக்கள் வழக்கில் இது ‘ரோப் கார்’. பழநியின் ‘விஞ்ச்’ எனப்படும் இழுவை ரயில் வேறு வகை. அதையும் வடம்தான் இழுக்கிறது என்றாலும் பெட்டி தரையில் பதித்த தண்டவாளத்தில் ஏறும். ரோப் காரின் பெட்டி வழியில் தரையைத் தொடுவதே இல்லை. பழங்கட்டடங்கள் நிறைந்த மலைகளில் இந்த வேறுபாடு பெரிது. தண்டவாளத்துக்குச் சரிவு முழுவதையும் செதுக்க வேண்டும். வடத்துக்குத் தூண் ஊன்றும் இடமும் இரு முனை நிலையங்களும் போதும்.

தோற்றம்

பள்ளத்தாக்கின் குறுக்கே கயிறு கட்டி, அதில் தொங்கியபடி கடப்பது இமயமலை நாடுகளிலும் சீனத்திலும் தொன்றுதொட்ட வழக்கம். ஆனால் பல தூண்களின் மேல் இடைவிடாது சுற்றும் வடத்தை முதலில் ஓட்டியவர் ஆடம் வீபே என்னும் டச்சுப் பொறியாளர். 1644ஆம் ஆண்டு, இன்றைய போலந்து நாட்டின் க்டான்ஸ்க் நகரில், ஒரு குன்றில் வெட்டிய மண்ணை ஆற்றுக்கும் அகழிக்கும் மேலாகக் கூடைகூடையாக நகர்க் கொத்தளத்துக்குக் கொண்டுசேர்த்தார். வடத்தைச் சுற்றியவை குதிரைகள். ஆக, இந்தக் கருவி பிறந்ததே கோட்டை கட்டும் வேலைக்காகத்தான். கோட்டைக்கும் கம்பிவடத்துக்கும் ஒட்டாது என்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வீபேயின் வடம் நார்க்கயிறு. 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் திரித்த பிறகே பெருஞ்சுமையை நம்பி ஏற்ற முடிந்தது.

தென்னாட்டில் வடத்துக்கு வேலை கொடுத்தவற்றுள் ஒன்று தேயிலை. மூணாறு தோட்டங்களின் தேயிலை 1902 முதல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கு சிறு ரயிலிலும் டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அதற்கப்பால் மலை செங்குத்தாக இறங்குகிறது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாக வெளியூர் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

தமிழ்நாட்டுத் தலங்களில்

பழநியில் 1966 முதல் விஞ்சும், 2004 முதல் ரோப் காரும் ஓடுகின்றன. 693 படி ஏறும் மலையை ரோப் கார் சுமார் மூன்று நிமிடத்தில் கடக்கிறது. ஒரு வரிசைப் பெட்டிகள் ஏறும்போது மறு வரிசை இறங்கும். இறங்கும் எடை ஏறும் எடைக்குக் கைகொடுப்பதால் மோட்டாரின் சுமை குறைகிறது. 2007இல் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தனர். மாதத்துக்கு ஒரு நாளும் ஆண்டுக்குச் சில வாரங்களும் பராமரிப்புக்காகச் சேவை நிறுத்தப்படும்போது வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிப்பதுண்டு. வடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் அந்த நாட்களே மற்ற நாட்களின் பாதுகாப்பு.

1,305 படிகள் கொண்ட சோளிங்கரிலும், 1,017 படிகள் கொண்ட அய்யர்மலையிலும் 2024இல் ரோப் கார் வந்தது. இவை மலைக்கோயில்களுக்கானவை. நகருக்குள் பேருந்து போல அன்றாடம் ஓடும் வகைக்குக் கொலம்பியாவின் மெடலின், பொலிவியாவின் லா பாஸ் நகரங்கள் முன்னோடி. இந்தியாவில் வாரணாசி ரயில் நிலையத்திலிருந்து கோதாவ்லியா வரை அமையும் தடத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

செஞ்சி

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதில்கள் ஒன்றாக வளைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பள்ளமாகக் கிடக்கிறது. அதைக் கடக்க ஒரு மரப்பாலம் இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வழியில்லை. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டும் இந்தக் கோட்டை அத்தனை காலம் தாங்கியதற்கு இத்தகைய அமைப்புகளும் ஒரு காரணம்.

இங்கு ரோப் கார் வேண்டும் என்ற கோரிக்கைக்கு நல்ல முன்னுதாரணம் மகாராஷ்டிரத்தின் ராய்கட். 1689இல் ராய்கட்டை முகலாயர் முற்றுகையிட்ட வேளையில்தான் மராட்டிய மன்னர் இராஜாராம் அங்கிருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்தார். ராய்கட்டை வென்ற முகலாயத் தளபதி சுல்பிகர் கானே செஞ்சியையும் முற்றுகையிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளில் இரண்டும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பது செஞ்சி ஒன்றே. ராய்கட்டில் 1996 முதல் ரோப் கார் ஓடுகிறது.

செஞ்சிக்குத் தடை சட்டத்தில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம் என்று 2010இல் சட்டம் இறுகியது. ராய்கட்டின் வடம் அதற்கு முந்தையது. செஞ்சியிலோ குன்றுகளே கோட்டை என்பதால் மேல் நிலையத்தை எங்கே வைத்தாலும் அந்த 100 மீட்டருக்குள்தான் வரும். விலக்கு கிடைக்குமானால், நிலையம் பிளவுக்கு இப்புறமே அமைவது முறை. கடைசிப் பாலத்தை ஒவ்வொருவரும் நடந்தே கடக்க வேண்டும். பள்ளத்தை எட்டிப் பார்க்காதவர் ராஜகிரியைப் பார்த்தவர் ஆகார். இப்போதோ முழங்கால் தாங்காத முதியவர்கள் அடிவாரத்துக் கல்யாண மகாலோடும் நெற்களஞ்சியத்தோடும் நின்று, உச்சியிலுள்ள அரங்கநாதர் கோயிலைக் கீழிருந்தே கும்பிட்டுத் திரும்புகிறார்கள்.