கேட்டவர் யார், விடை எது? விவிலிய வினா–விடை மரபின் வளர்ச்சி

ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. மெத்தூசலா 167 வயதில் லாமேக்கைப் பெற்றார். லாமேக்கு 188 வயதில் நோவாவைப் பெற்றார். நோவாவின் 600ஆம் வயதில் பெருவெள்ளம் வந்தது. ஆக, வெள்ளத்தின்போது மெத்தூசலாவுக்கு வயது 955. அவர் வாழ்ந்ததோ 969 ஆண்டுகள். பேழைக்குள் இருந்தவர் எட்டுப் பேர் மட்டுமே. அவர்களில் மெத்தூசலா இல்லை. அப்படியானால் எஞ்சிய 14 ஆண்டுகள் அவர் எங்கே வாழ்ந்தார்?

இதை எழுப்பியவர்கள் பிற்கால நாத்திகர்கள் அல்லர். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜெரோம், திருச்சபைகள் அனைத்திலும் பேசப்படும் புகழ்பெற்ற கேள்வி என்றே இதைக் குறிப்பிடுகிறார். விவிலியத்தின் முரண்கள் பற்றிய ஐயங்கள் அறிவொளிக் காலத்தில்தான் பிறந்தன என்ற பரவலான எண்ணத்தை இது மறுக்கிறது. கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. காலந்தோறும் மாறியவை இரண்டு: கேட்பவர் யார் என்பதும், எதை விடையாக ஏற்பது என்பதும். அம்மாற்றத்தின் படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம்: அலெக்சாந்திரியா

ஹோமரின் காவியங்களில் பொருந்தாதவற்றைச் சிக்கல், தீர்வு என இணைத்து ஆராயும் வழக்கம் கிரேக்கரிடம் வேரூன்றியிருந்தது. அரிஸ்டாட்டிலே அவ்வகையில் ஒரு நூல் எழுதினார். கிரேக்கம் பேசிய யூதர்கள் இம்முறையைத் தங்கள் மறைநூலுக்குப் பயன்படுத்தினர். கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான தெமேத்ரியுவின் எழுத்தில் சில துணுக்குகளே எஞ்சியுள்ளன. எகிப்திலிருந்து ஆயுதமின்றி வெளியேறிய இஸ்ரயேலருக்குப் போரிட ஆயுதம் எப்படிக் கிடைத்தது என்ற வினா அவற்றுள் ஒன்று. கடலில் மூழ்கிய எகிப்தியரின் ஆயுதங்களை எடுத்துக்கொண்டனர் என்பது அவர் தரும் விடை.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஃபைலோ இதை முழு நூல்வடிவமாக்கினார். ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்துக்கும் அவர் எழுதிய வினா–விடைகள் பெரும்பாலும் அர்மீனிய மொழிபெயர்ப்பில்தான் இன்று கிடைக்கின்றன. ஒரு வசனத்தை எடுத்து, ‘ஏன் இப்படிச் சொல்லப்பட்டது?’ என்று கேட்டு, முதலில் நேர்ப்பொருளையும் அடுத்து உருவகப் பொருளையும் தருவது அவர் முறை. பின்வந்த கிறிஸ்தவ விளக்கவுரைகளில் இந்த இரட்டை அடுக்கு நிலைபெற்றது.

திருச்சபைத் தந்தையர்

கிறிஸ்தவர்களிடையே இம்மரபு வளர உட்பகையே தூண்டுகோலாயிற்று. 2ஆம் நூற்றாண்டில் மார்சியனின் சீடர் அப்பெல்லஸ், 300 முழ நீளமும் 50 முழ அகலமும் 30 முழ உயரமும் கொண்ட பேழையில் எல்லா விலங்குகளும் அடங்கா என்று வாதிட்டார். ஓரிஜன் இதை ஒதுக்கவில்லை, கணக்கையே விடையாக்கினார். மோசே எகிப்தியரின் வடிவியலைக் கற்றவர். அவர் சொல்லும் முழம் வழக்கிலுள்ள முழத்தைவிடப் பன்மடங்கு பெரியது என்றார். இந்த விடையை அகுஸ்தீனும் எடுத்தாண்டார்.

மத்தேயு யோசேப்பின் தந்தையை யாக்கோபு என்கிறார். லூக்கா ஏலி என்கிறார். இதற்கு 3ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் சட்டத்தில் தீர்வு தேடினார். யாக்கோபும் ஏலியும் ஒரு தாய் மக்கள். ஏலி பிள்ளையின்றி இறக்க, மோசேயின் சட்டப்படி யாக்கோபு அவர் மனைவியை மணந்தார். எனவே யோசேப்பு பிறப்பால் யாக்கோபின் மகன், சட்டத்தால் ஏலியின் மகன் என்பது அவர் வாதம்.

யூசேபியஸ் மேலும் ஒரு படி சென்றார். கிறிஸ்து உயிர்த்த நேரத்தை மத்தேயு ஓய்வுநாளின் பின்பொழுது என்பதும், மாற்கு வாரத்தின் முதல்நாள் அதிகாலை என்பதும் பொருந்தவில்லையே என மரினுஸ் என்பவர் கேட்டார். யூசேபியஸ் இரு வழிகளை முன்வைத்தார். ஒன்று, மாற்கின் துல்லியமான படிகளில் இவ்வசனம் வரும் கடைசிப் பகுதி இல்லை. மற்றொன்று, அதை ஏற்பவர் வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். சுவடி ஆய்வு இங்கே விடைக்கு அளவுகோலாகிறது. மெத்தூசலா சிக்கலை ஜெரோம் தீர்த்ததும் அவ்வாறே: எபிரேய மூலத்தின்படி 187, 182, 600 ஆகியவற்றைக் கூட்டினால் 969, அவர் வெள்ளம் வந்த ஆண்டிலேயே இறந்தார்.

கேட்பவரின் நோக்கத்தைத் தெளிவாகப் பிரித்தவர் 5ஆம் நூற்றாண்டின் தெயோதரேத்து. மறைநூலில் குறை காணக் கேட்பவர் ஒரு வகையினர், கற்க விரும்பிக் கேட்பவர் மற்றொரு வகையினர். இரு சாராருக்கும் விடை தரவே எழுதுவதாகத் தம் நூலின் முன்னுரையில் சொல்கிறார். அகுஸ்தீனின் கவலை விடை சொல்பவரைப் பற்றியது. வானையும் கோள்களையும் அறிந்த பிறசமயத்தார் முன் கிறிஸ்தவர் ஒருவர் மறைநூலின் பெயரால் அபத்தம் பேசினால் மறைநூலே நகைப்புக்குள்ளாகும் என்று எச்சரித்தார்.

பள்ளிகளிலிருந்து ஞானோபதேசம் வரை

12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார், தந்தையரின் கூற்றுகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களை 158 வினாக்களின்கீழ்த் தொகுத்துத் தீர்வு தராமல் விட்டார். படி எழுதியவர் பிழையா, ஆசிரியர் பின்னர்க் கருத்தை மாற்றினாரா என்று ஆராயும் நெறிகளை மட்டும் முன்னுரையில் வகுத்தார். வசனத்தின் மேல் எழுந்த கேள்வி இப்போது விளக்கங்களின் மேல் எழுந்தது. 1265இல் அக்குவினாஸ் தொடங்கிய இறையியல் தொகுப்பு நூல், நம் உரையாசிரியர்கள் கையாளும் தடைவிடை போல, எதிர்வாதங்களை முதலில் நிறுத்திப் பின்னர் மறுக்கிறது. மறைநூலுக்கு ஆன்மிகப் பொருள்கள் பல இருப்பினும், வாதத்துக்கு நேர்ப்பொருளே அடிப்படை என்பது அதன் முதல் வினாவிலேயே அவர் எட்டும் முடிவு.

சீர்திருத்தக் காலத்தில் திசை தலைகீழானது. சாக்சனியின் சபைகளைப் பார்வையிட்டு, மக்களின் அறியாமையைக் கண்ட லூத்தர் 1529இல் சிறு ஞானோபதேசத்தை வெளியிட்டார். 1563இல் வந்த ஹைடெல்பெர்க் ஞானோபதேசம், தன் 129 வினாக்களை ஆண்டின் 52 ஞாயிறுகளுக்கும் பகிர்ந்து வைத்தது. அதுவரை வாசகர் மறைநூலைக் கேட்டார். இப்போது சபை வாசகரைக் கேட்டது. அவர் மனப்பாடமாய் விடை சொன்னார்.

தமிழ் அச்சின் தொடக்கமும் இந்த அலையில்தான் நிகழ்ந்தது. என்ரீக்கே என்ரீக்கஸ் 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சிட்டார். மறு ஆண்டே, மார்க்கோஸ் ஜோர்ஜின் போர்த்துக்கீசிய ஞானோபதேசத்தைத் தழுவி, குரு கேட்கச் சீடன் விடை கூறும் ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. நூற்றாண்டுகளாகத் தமிழ்க் கிறிஸ்தவக் குழந்தைகள் அறிந்த வினா–விடை பெரும்பாலும் இவ்வகையே.

வரலாற்றுத் திறனாய்வு

1670இல் ஸ்பினோசா, எந்த நூலையும் எழுதியவர், காலம், மொழி, கேட்போர் ஆகியவற்றை அறிந்தே பொருள்கொள்ள வேண்டும் என்றார். 1753இல் பிரெஞ்சு மருத்துவர் ஆஸ்த்ருக், ஆதியாகமத்தில் கடவுளுக்கு இரு பெயர்கள் மாறி மாறி வருவதைக் கொண்டு மூல ஏடுகளைப் பிரித்தார். மோசேயே அவற்றைத் தொகுத்தார் என்று நிறுவுவதுதான் அவர் எண்ணம். அம்முறையோ 1878இல் வெல்ஹவுசன் கையில் மோசே ஆசிரியர் என்ற கொள்கையையே தகர்த்தது. ரெய்மாருசின் எழுத்துகளை லெசிங் 1774 முதல் 1778 வரை வெளியிட்டபோது, உயிர்ப்பு வரலாறுகளில் காட்டப்பட்ட பத்து முரண்கள் ஜெர்மனியை உலுக்கின. மரினுஸ் கேட்ட அதே வகைக் கேள்விதான். ஆனால் ரெய்மாருஸ் தீர்வை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. முரண் இருப்பதே அவருக்கு முடிவு.

கத்தோலிக்கத் திருச்சபை 1902இல் விவிலிய ஆணையம் அமைத்து, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற வடிவில் விடையளித்தது. விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களின் ஆசிரியர் மோசே என்பதை மறுக்கப் போதிய சான்றுண்டா என்ற வினாவுக்கு 1906இல் ‘இல்லை’ என்றது. 1909இலோ, படைப்பின் ‘நாள்’ 24 மணி நேரமா, ஒரு காலப்பகுதியா என்பதை அறிஞர்கள் தடையின்றி விவாதிக்க இடம் தந்தது. 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இலக்கிய வகைகளை ஆராய ஊக்குவித்தார். 1993இல் அதே ஆணையம் வரலாற்றுத் திறனாய்வு இன்றியமையாதது என்று அறிவித்தது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு இரு தரப்பின் வாதங்களையும் வலுவிழக்கச் செய்கிறது. முரண்களைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கருதும் ஐயவாதி, ஓரிஜனையும் யூசேபியஸையும் படிக்கவில்லை. கேள்வி கேட்பதே விசுவாசக் குறைவு என்னும் போதகர், தெயோதரேத்தையும் அகுஸ்தீனையும் மறந்துவிட்டார். மனப்பாட வினா–விடை இம்மரபின் ஒரு பருவம் மட்டுமே. வசனத்தை நேர்நின்று கேட்பது அதனினும் பழமையானது. எனவே விவிலியம் பற்றிய எந்த விடையையும் ஏற்குமுன், அது சுவடியைச் சார்ந்ததா, வரலாற்றைச் சார்ந்ததா, கோட்பாட்டைச் சார்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். இம்மூன்றையும் கலந்து பேசுவதால்தான் இன்றைய விவாதங்களில் பல, முடிவு காணாமல் நிற்கின்றன.