குடிமல்லத்துச் செங்கல்: ஒரு புறச்சுவரின் விலை

ஏர்பேடு மண்டலத்தில், சுவர்ணமுகி ஆற்றை அடுத்துள்ள குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அங்குள்ள இலிங்கத்தின் காலத்தையே சுற்றி வருகின்றன. அது இயல்பே. ஆயினும், கட்டடச் செலவைப் பற்றி அக்கோயிலின் சுவரும் சில செய்திகளைச் சொல்கிறது. செங்கல்லால் எழுந்ததைப் பிற்காலத்தார் ஏன் கல்லுக்கு மாற்றினர்? அதற்காக எதைச் செலவிட்டனர்?

1973இல் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் ஐ. கே. சர்மா நடத்திய அகழாய்வில் 42 × 21 × 6 செ.மீ. அளவுள்ள பெருஞ்செங்கற்கள் வெளிப்பட்டன. இவை சாதவாகனர் காலச் செங்கற்களை ஒத்தவை. இன்று வழங்கும் 23 × 11 × 7.5 செ.மீ. செங்கல்லோடு ஒப்பிட்டால், பழஞ்செங்கல்லின் கன அளவு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. சாந்தின் இடத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு கன மீட்டர் சுவருக்குப் பழையது 189 போதும். இன்றையது 527 வேண்டும்.

எண்ணிக்கை குறைந்ததால் செலவும் அதே அளவு குறைந்தது என்று கொள்வது பிழை. இன்றைய செங்கல்லைக் கொத்தனார் ஒரு கையில் எடுத்து, மறு கையிலுள்ள கரண்டியால் சாந்து பூசி வைத்துவிடுவார். ஒன்பது கிலோவை ஒட்டிய பழஞ்செங்கல்லுக்கு இரு கைகளும் வேண்டும். சூளைக் கணக்கும் உண்டு. தடித்த பச்சைக்கல் உலரும்போது வெடிக்கும். சுட்டாலும் நடுப்பகுதி வேகாது. நீள அகலங்களைப் பெருக்கியவர்கள் தடிப்பை 6 செ.மீ. அளவில் நிறுத்தியது விறகின் அருமை அறிந்தோர் செயல். புறச்சுவரில் கிடைத்த ஆதாயம் வேறு: பெரிய செங்கல்லுக்கு இணைப்புகள் குறைவு, மழைநீர் உட்புகும் வழிகளும் குறைவு.

இருந்தும் செங்கற்சுவருக்குச் சுதைப்பூச்சு தேவைப்பட்டது. பூச்சுக்கோ அடிக்கடி பழுது பார்ப்பது தேவைப்பட்டது. கோயிலைப் புதுப்பிப்பதற்கென விடப்பட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று தனிப்பெயரே இருந்தது. அதாவது, செங்கல்லின் விலை கட்டிய ஆண்டோடு தீர்ந்துவிடவில்லை. கல்லுக்கு முதற்செலவு மிகுதி, தொடர்செலவு சொற்பம். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பல கோயில்களைக் கல்லால் எடுப்பித்தபோதும் இந்தக் கணக்கு பக்தியோடு சேர்ந்தே இயங்கியிருக்க வேண்டும். ‘கற்றளி’ என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. வெறும் ‘தளி’ என்றால் அது கல்லால் ஆனது என்று எவரும் கருதாத காலத்தில்தான் ‘கல்’ என்னும் அடை தேவைப்படும்.

குடிமல்லத்துக் கல்வெட்டுகள் ஊரைத் திருவிப்பிரம்பேடு என்கின்றன; ஏர்பேட்டின் ‘பேடு’ அதிலும் ஒலிக்கிறது. விக்கிரம சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1126ஐ ஒட்டி, கோயில் கல்லால் புதுக்கப்பட்டது. இங்குதான் சிக்கனக் கணக்கு இடறுகிறது. கருவறையின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்தது. தூங்கானை மாடம் என்பர். சிறு சிறு செங்கற்களைச் சற்றே திருப்பி அடுக்கினால் வளைவு தானே வந்துவிடும், தனிக்கூலி இல்லை. கல்லிலோ ஒவ்வொரு பாளத்தின் முகத்தையும் வளைவுக்கேற்பச் செதுக்கியாக வேண்டும். நேர்ச்சுவராக மாற்றியிருந்தால் தச்சருக்கான கூலி பெரிதும் குறைந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. செங்கல்லில் மலிவாகக் கிடைத்த வடிவத்தைக் கல்லில் கூடுதல் கூலி கொடுத்து வாங்கினர். அந்த வளைவு இன்றும் அங்கே நிற்கிறது.