குடிவழி வந்த கொழுப்பும் கூட்டு மருந்தும்

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஊரிலிருந்து வரும் செய்திகளுள், மனத்தைக் கலக்கும் செய்தி ஒன்று உண்டு. “பெரியப்பா போய்விட்டார், நெஞ்சுவலி என்றார், அவ்வளவுதான்” என்பதே அது. நாற்பத்தைந்து வயதில் ஒருவர், ஐம்பதில் மற்றொருவர் என ஒரே குடியில் இத்தகைய மரணங்கள் தொடர்ந்தால், விதி என்று சொல்லி ஆறுதல் அடைவது நம் வழக்கம். அந்த விதிக்கும் ஒரு காரணம் உண்டு எனக் கண்டவர்களின் வரலாற்றைச் சிறிது கூற விரும்புகிறேன்.

1938ஆம் ஆண்டில், நார்வே நாட்டின் ஆஸ்லோ நகர மருத்துவர் கார்ல் முல்லர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். தசைநாண்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள், இரத்தத்தில் மிகுதியான கொலஸ்டிரால், நெஞ்சுவலி ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே வருகின்றன என்பதே அவ்வுண்மை. பெற்றோருள் ஒருவருக்கு இக்குறை இருப்பின், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. 1964இல் பெய்ரூட் நகரில் அவெதிஸ் கச்சதூரியன் லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையைப் பெற்ற குழந்தைகளின் நிலை மிகக் கொடியது என்று தெளிவாயிற்று. அத்தகையோர் மிகச் சிலரே. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரோ, இன்றைய கணிப்பின்படி ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர்.

இக்குறை எங்கே உள்ளது? அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் 1970களில் இதற்கு விடை கண்டனர். இரத்தத்தில் மிதந்து வரும் கொலஸ்டிராலைப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உயிரணுக்களின் மேல் உள்ளன. இந்நோயாளரிடம் அவை குறைவு. ஆதலால் கொலஸ்டிரால் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1985இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். உணவுக் கட்டுப்பாடு வேண்டியதுதான். எனினும் பிறவியிலேயே வந்த குறைக்கு அது மட்டும் போதவில்லை. வைட்டமின் வகையைச் சேர்ந்த நியாசின், மிகுந்த அளவில் தரப்படும்போது கொலஸ்டிராலைக் குறைக்கும் என 1955இல் கனடாவில் கண்டறிந்தனர். அடுத்து வந்தது கொலஸ்டிரமின் என்னும் பிசின். இது குடலிலுள்ள பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேறும். அவ்விழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ளும். ஆனால் கல்லீரல் அத்துடன் நிற்பதில்லை; தானும் புதிதாகக் கொலஸ்டிராலை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஒரு வழியை நாம் திறந்தால், அது மறுவழியால் நம் முயற்சியைப் பாதி வீணாக்கிவிடும். ஒற்றை மருந்து தோற்றதன் காரணம் இதுவே.

அம்மறுவழியை அடைத்தவர் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ. அவரும் அவருடைய துணைவர்களும் 1971 முதல் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்தனர். கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றிலிருந்து எடுத்த அரிசியில் வளர்ந்திருந்த பூஞ்சையிலிருந்து, 1973இல் காம்பாக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். கல்லீரல் கொலஸ்டிரால் உண்டாக்குவதை அது தடுத்தது. 1983இல் கனஸாவா நகர மருத்துவர் மபுச்சியும் அவர் குழுவினரும், ஒரு பெற்றோரிடமிருந்து குறையைப் பெற்றவர்களுக்குக் காம்பாக்டினையும் கொலஸ்டிரமினையும் சேர்த்துக் கொடுத்தனர். தீய கொலஸ்டிரால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உற்பத்தியும் நின்று, இழப்பும் மிகுந்தபோது, கல்லீரல் எஞ்சியிருந்த நல்ல மரபணுவைக் கொண்டு மேலும் ஏற்பிகளை உண்டாக்கி, இரத்தத்தையே நாட வேண்டியதாயிற்று.

காம்பாக்டின் கடைக்கு வரவில்லை. அதன் இனத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2002இல் குடலிலேயே கொலஸ்டிராலைத் தடுக்கும் எசெடிமைப் வந்தது. இதனைச் சிம்வாஸ்டாட்டினுடன் சேர்த்து இக்குடும்ப நோயாளர் 720 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2008இல் வெளிவந்தது. கொலஸ்டிரால் மேலும் குறைந்தது. கழுத்து இரத்தக்குழாய்ச் சுவரின் தடிப்பிலோ வேறுபாடு இல்லை. கூட்டு மருந்தில் பலருக்கு ஐயம் பிறந்தது. மாரடைப்பு முதலியவற்றுக்கு ஆளான 18,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த மற்றொரு சோதனை, சிறிதே ஆயினும் உண்மையான பயன் உண்டு என்று 2015இல் காட்டியது.

ஸ்டாட்டின் தரப்படும்போது, ஏற்பிகளை அழிக்கும் புரதம் ஒன்றும் உடலில் கூடுகிறது. அப்புரதத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் வெளிப்பட்டது. அதனைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் வந்தன. உடல் திறக்கும் ஒவ்வொரு மறுவழியையும் அறிந்து அடைப்பதே கூட்டு மருந்தின் தத்துவம். எதை எதனுடன் சேர்ப்பது என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. நாமே சேர்த்து உண்ணலாகாது.

நேயர்களே! முல்லர் இந்நோயைக் கண்டது குடும்பங்களைப் பார்த்ததால். நாமோ அண்ணன் தில்லியில், தங்கை புனேயில், அத்தை நாகபுரியில் என்று சிதறி வாழ்கிறோம். ஒவ்வொரு மருத்துவரும் ஒருவரை மட்டுமே காண்கிறார். குடும்பத்தைக் காண்பவர் எவருமில்லை. ஆகையால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தாத்தா எந்த வயதில் எவ்வாறு இறந்தார், மாமாவுக்கு நெஞ்சுவலி எப்போது வந்தது என்று மூத்தவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஏட்டை மருத்துவரிடம் காட்டிக் குழந்தைகளின் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். விதி என்று நாம் எண்ணியதில் ஒரு பகுதியேனும் மாற்றத்தக்கது.