பெயரில்லா முகங்கள்

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவைச் சுமந்து நிற்கும் ஊர். சிறைவாசம் தந்த தொழுநோயோடு ஊர் ஊராகச் சென்று விடுதலையை முழங்கிய அவர், இங்கே பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விரும்பினார். 1923-ஆம் ஆண்டு தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா இவ்வூரிலேயே கண்மூடினார். அவ்விருவர் பெயரும் வரலாற்றில் நிலைத்துவிட்டன. அக்காலத்து உழவரும் கூலியாட்களும் எங்கே?

அதே 1923-இல்தான் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் படச்சுருளையும் அதற்கான காமிராவையும் வெளியிட்டது. எளிதில் தீப்பற்றாத சுருளாதலால் வீட்டிலேயே அச்சமின்றித் திரையிடலாம். ஆனால் காமிரா, திரையிடும் கருவி உள்ளிட்ட தொகுதியின் விலை 335 டாலர். எனவே இந்தியாவில் அது பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகள், வணிகர்கள், சமஸ்தான மன்னர்கள் ஆகியோரின் கைகளையே சேர்ந்தது. 100 அடிச் சுருள் நான்கு நிமிடம் ஓடும். படம்பிடித்த சுருளையே கழுவித் திரையிட்டதால், பெரும்பாலும் அந்த ஒரு பிரதியே உண்டு. அது அழிந்தால் அந்த நான்கு நிமிடமும் அழிந்தது.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1964-இல் தொடங்கப்பெற்ற தெற்காசிய ஆய்வு மையம், இந்தியாவில் வாழ்ந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிடமிருந்து இத்தகைய படங்களைத் திரட்டிக் காத்தது. ஏறத்தாழ 300 படங்கள். அவற்றுள் பலவற்றை இன்று இணையத்தில் எவரும் காணலாம். வேட்டை, விருந்து, கடைத்தெரு, இரயில் நிலையம், குழந்தையின் பிறந்தநாள் என ஒலியின்றி ஓடுகிறது ஒரு காலம். எடுத்தவர் தம் குடும்பத்துக்காகவே எடுத்தார். ஆயினும் குழந்தையை இடுப்பில் ஏந்திய ஆயாவும், செடிக்கு நீர் வார்க்கும் தோட்டக்காரரும் சட்டத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறார்கள். குழந்தையின் பெயர் தெரியும். ஆயா வெறும் ஆயாதான்.

ஆட்சியாளரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியுமா? பங்கு அலுவலகங்களில் உள்ள பழைய திருவிழாப் படங்களை எடுத்துப் பாருங்கள். ஆயரும் குருக்களும் இன்னாரென்று எழுதியிருக்கும். தேரை இழுத்தவர், மணி அடித்தவர், கோவிலுக்குக் கல் சுமந்த பெண் யார் யார்?

இதற்கு நேர்மாறானது நம் திருமுழுக்குப் பதிவேடு. கூலியாளின் குழந்தைக்கும் அதில் ஒரு வரி உண்டு: பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், நாள். படச்சுருளில் பெயரில்லா முகங்கள்; பதிவேட்டில் முகமில்லாப் பெயர்கள். இரண்டையும் இணைக்க வல்லவர்கள் நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்களே. அவர்களும் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள்.

நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்கிறது யோவான் நற்செய்தி. மந்தையென மொத்தமாக அவர் அழைப்பதில்லை. ஆகவே, வரும் ஞாயிறு உங்கள் வீட்டுப் பழைய படமொன்றைப் பாட்டியிடம் காட்டுங்கள். ஓரத்தில் நிற்பவர் யாரெனக் கேளுங்கள். அந்தப் பெயரைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். அதுவும் ஓர் இறைப்பணியே.