வட்டம் சொல்லும் பொய்

அச்செழுத்தில் என்ன பெரிய அரசியல், அது வெறும் கருவிதானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். எழுத்தைப் படிக்கிறோம், அதன் உருவத்தைப் பார்ப்பதில்லை. ஃபியூச்சுரா என்கிற எழுத்துருவை முன்வைத்து இந்தப் பழக்கத்தைக் கேள்விக்குட்படுத்தலாம்.

1927இல் பிராங்க்பர்ட்டின் பாவர் எழுத்து வார்ப்பகம் இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் பால் ரென்னர். முறிந்த கோடுகளாலான ஃபிராக்டூர் எழுத்து ஜெர்மன் அச்சில் இன்னும் கோலோச்சிய காலம். ரென்னர் வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். நுனியில் குறுங்கோடு கிடையாது, அலங்காரம் கிடையாது. எந்த மரபின் சாயலும் ஒட்டாத, எல்லோருக்குமான எழுத்து என்பதே கனவு.

ஆனால் உற்றுப் பார்த்தால் அந்த வட்டம் காம்பஸ் போட்ட வட்டமல்ல. தடித்த வடிவத்தில் இது அப்பட்டம். கோடுகளை ஒரே பருமனில் விட்டால் வளைவும் தண்டும் சேருமிடத்தில் கறுப்பு அப்பிக்கொள்ளும். எனவே அங்கே மெலிக்கிறார்கள். படுக்கைக் கோட்டையும் சற்றுக் குறைக்கிறார்கள். கணிதம்போல் தோன்றவே கணிதத்தை மீற வேண்டியிருக்கிறது. நடுநிலை என்பது இப்படித்தான்: கையால் கட்டமைக்கப்பட்டு, கைத்தடம் அழிக்கப்பட்ட ஒன்று.

அதிகாரம் இதை நன்றாகவே அறியும். 1932இல் நாஜிப் பண்பாட்டு அரசியலைத் தாக்கிச் சிறுநூல் எழுதிய ரென்னர் 1933இல் கைதானார். மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவியும் பறிபோனது. சரி, 'ஜெர்மானிய' ஃபிராக்டூராவது தப்பியதா? 1941 ஜனவரியில் மார்ட்டின் போர்மனின் சுற்றறிக்கை அதை யூத எழுத்து என்று பொய் சொல்லி ஒதுக்கியது. இனத்தின் அடையாளமாகக் கொண்டாடியதை ஒரே தாளில் அந்நியமாக்கிட்டாங்க. எழுத்தின் பொருள் எழுத்துக்குள் இல்லை.

நாஜி அரசின் திட்டமாகப் பிறந்த ஃபோக்ஸ்வாகன் காரை 1959 முதல் அமெரிக்காவில் விற்ற புகழ்பெற்ற விளம்பரங்கள், அந்த அரசு கைதுசெய்தவரின் எழுத்திலேயே பேசின. 1969இல் நிலவில் வைத்த அப்பல்லோ 11 தகடு மனிதகுலம் முழுமைக்குமாகப் பேசியதும் ஃபியூச்சுராவில்தான். கீழே நிக்சன் கையெழுத்து. எல்லோருக்குமான எழுத்து யாருக்கும் மறுப்புச் சொல்லாது.

பத்திரிகை வடிவமைப்பில் வேலை பார்த்துவிட்டு வந்த பார்பரா க்ரூகர், 1980களில் இதன் தடித்த சாய்வெழுத்தைச் சிவப்பும் வெள்ளையுமாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள்மேல் பதித்தார். 1989இல் வாஷிங்டனில் நடந்த கருக்கலைப்பு உரிமைப் பேரணிக்கும் அப்படியொரு சுவரொட்டி செய்தார். 1994இல் தொடங்கிய சுப்ரீம் என்னும் உடைக்கடை அந்தச் சிவப்புப் பட்டையையே தன் முத்திரையாக்கிக்கொண்டது.

எதிர்ப்பும் சரக்காகிவிட்டது, அவ்வளவுதானா? அப்படி முடித்துவிட எனக்கு மனமில்லை. விளம்பரமும் தகடும் தங்கள் அதிகாரத்தை எழுத்தின் தூய்மைக்குள் ஒளித்தன. க்ரூகரோ, 'இது விளம்பரத்தின் அதட்டல், பார்' என்று காட்டிக்கொண்டே அதட்டினார். கடை அவருடைய பட்டையை எடுத்துக்கொள்ளலாம். உருவத்தைப் பார்க்கப் பழகிவிட்ட கண்ணை அத்தனை லேசில் எடுத்துக்கொள்ள முடியாது.